பழைய மீன்பிடி ரீலை வீட்டிலேயே புதுப்பித்து வண்ணம் பூச: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் பத்து மாவுங், தெலோக் கும்பார், தெலோக் பஹாங் என்று எங்கே தூண்டில் போடப் போனாலும் நம்மவர் யாராவது இருப்பார்கள். பேச்சு மீனில் ஆரம்பித்து மெஷினில், அதாவது தூண்டில் கம்பில் (ராட்) மாட்டித் தூண்டில் நூலைச் (லைன்) சுற்றும் ரீலில், வந்து நிற்கும். அப்பாவின் பழைய ரீல் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது, பெயிண்ட் உரிந்துவிட்டது, வீட்டிலேயே சரி செய்ய முடியுமா என்பார்கள். முடியும். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது பெயிண்டைப் பற்றி. ஆனால் பெயிண்ட் கடைசி வேலை. உள்ளே உப்பு இருக்கும்வரை மேலே என்ன பூசினாலும் நிற்காது.

எந்த ரீலைப் புதுப்பிக்கலாம்? எதை விட்டுவிடுவது நல்லது?

உடல் முழுக்க உலோகமாக இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அமெரிக்காவின் பென், பிரான்ஸின் மிட்செல், ஸ்வீடனின் ஆபு, ஜப்பானின் பழைய டைவா, ஷிமானோ ஆகியவைதான் நம் ஊர் வீடுகளில் அதிகம் கிடைப்பவை. ஷிமானோவுக்கு ஜோகூர் பொந்தியானில் தொழிற்சாலை உண்டு. அதனால் அந்த ரீல்களில் பலவற்றில், ராடில் மாட்டும் காலின் அடியில் மலேசியாவின் பெயரே அச்சாகியிருக்கும்.

முதலில் ராடில் மாட்டும் அந்தக் காலைப் பாருங்கள். அதன் கழுத்தில் விரிசல் இருந்தால் ஆசையை விட்டுவிடலாம். வார்ப்பு அலுமினியத்தில் வெல்டிங் செய்தாலும் ஒரு பெரிய திருக்கை இழுக்கும்போது அந்த இடம் தாங்கும் என்று நம்ப முடியாது. அடுத்து கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் பேரிங்கில் உப்பு என்று அர்த்தம், மாற்றிவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் கியர் பல் தேய்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அந்தப் பாகம் கிடைக்குமா என்று தெரிந்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். பென் ரீல்களுக்கு இன்றும் பாகங்கள் கிடைக்கின்றன. பெயர் தெரியாத ரீல்களுக்கு அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, இரண்டிலிருந்து ஒன்று தேற்றுவதுதான் வழி.

லோரோங் கூலிட் பழைய பொருள் காலைச் சந்தையில் வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைதான். வெளியே பளபளப்பாக இருப்பதைவிட, பெயிண்ட் போயும் வழுவழுவென்று சுற்றுவதை வாங்குங்கள்.

பெயிண்ட் அடித்தால் ரீலின் மதிப்பு குறைந்துவிடாதா?

சேகரிப்பவர்களிடம் விற்கப் போகிறீர்கள் என்றால் கண்டிப்பாகக் குறையும். கீறல் விழுந்த அசல் பூச்சுக்குத்தான் அவர்கள் அதிக விலை கொடுப்பார்கள். அப்படிப்பட்ட ரீலைச் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, அத்துடன் நிறுத்துங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் பெயிண்டே பார்க்காத ரீலுக்கு நாம் பெயிண்ட் அடிக்கக் கூடாது. ஆபு அம்பாசடர் 5000-ன் அந்தச் சிவப்பு, பெயிண்ட் இல்லை. அலுமினியத்தை மின்சாரத்தால் பதப்படுத்தி நிறமேற்றிய அனோடைஸ் பூச்சு. பழைய பென் செனட்டரின் பக்கத் தகடுகள் பேக்கலைட் வகைப் பொருள், அதாவது பழைய காலத்துக் கெட்டி பிளாஸ்டிக். அதைத் தேய்த்து மெருகேற்றினாலே அழகு திரும்பிவிடும். மிட்செல் 300-ன் கறுப்பு உடல், பென் ஸ்பின்ஃபிஷர் போன்ற உலோக ஸ்பின்னிங் ரீல்களின் உடல் ஆகியவை பெயிண்ட் பூசியவை. கடல் காற்றில் உரிவதும் இவைதான், புதுப் பூச்சால் உண்மையான பலன் பெறுவதும் இவைதான்.

தாத்தா, அப்பா பயன்படுத்திய ரீல் என்றால் என் ஆலோசனை வேறு. கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் ஒன்று அதில் இருக்கும். உலோகம் அரித்த இடங்களை மட்டும் பூசி மூடிவிட்டு, அந்தத் தேய்மானத்தை அப்படியே விட்டுவிடுங்கள். புது ரீல் கடையில் கிடைக்கும், அந்தத் தேய்மானம் எங்கேயும் கிடைக்காது.

என் ரீலில் இருப்பது பெயிண்டா, அனோடைஸா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உரிந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு படி இறங்குவதுபோல் விளிம்பு தட்டினால் பெயிண்ட். நிறம் மங்கி மங்கி உலோகத்தோடு கரைவதுபோல் இருந்து விளிம்பே தெரியாவிட்டால் அனோடைஸ். பஞ்சில் தின்னரைத் தொட்டுக் காலின் அடிப்பக்கத்தில் தேய்ப்பதும் ஒரு வழி. நிறம் ஒட்டினால் பெயிண்ட். ஆனால் சூட்டில் உலர்த்திய பெயிண்ட் தின்னருக்கு அசையாது, அதனால் விளிம்புச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

எந்த வருஷத்து ரீல் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஆபு ரீல்களில் எளிது. 1970-களில் வந்த பலவற்றின் காலடியில் எண்கள் குத்தப்பட்டிருக்கும். முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு மாதம். 7503 என்று ஆரம்பித்தால் 1975 மார்ச். மற்ற நிறுவனங்களுக்கு மாடல் எண்ணையும் பாகங்களின் வடிவத்தையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

பிரிப்பதற்குப் பயமாக இருக்கிறது. திரும்பப் பூட்ட முடியுமா?

பயம் நியாயமானதுதான், ஏனென்றால் ரீலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தெறித்துப் போகும் குட்டி ஸ்ப்ரிங்குகள் உண்டு. லைனை வழிநடத்தும் பெய்ல் கம்பியைத் திருப்பும் ஸ்ப்ரிங், பின்னால் சுற்றாமல் தடுக்கும் கொக்கியின் ஸ்ப்ரிங், ட்ராக் (மீன் இழுக்கும்போது லைனை இறுக்கத்தோடு விடும் பிரேக்) சத்தம் தரும் கிளிக்கரின் ஸ்ப்ரிங் ஆகிய மூன்றும்தான் முக்கியமானவை. இவற்றைக் கழற்றும்போது ரீலையும் கைகளையும் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு செய்யுங்கள். தெறித்தாலும் பைக்குள்ளேயே விழும்.

அந்த மாடலின் பாக வரைபடம் இணையத்தில் கிடைக்கும். முதலில் அதை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம். எடுத்ததை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போடுங்கள். மேல் இடதுமூலையில் ஆரம்பித்து வரிசை மாறாமல் வைத்தால், பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். ட்ராக் வாஷர்களை மட்டும் ஒரு கம்பியில் அதே வரிசையில் கோத்து வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதும் முக்கியம்.

ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஜப்பான் ரீல்களின் கூட்டல்குறித் தலை, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் அளவு இல்லை. அது ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர அளவு. மற்றதைப் போட்டுத் திருகினால் நழுவித் தலையை மழுக்கிவிடும். இன்னொரு எச்சரிக்கை: சில ரீல்களில் சுழலும் தலையான ரோட்டரின் நட்டும் கைப்பிடி மரையும் தலைகீழாகத் திரும்பும். வரைபடத்தைப் பார்க்காமல் பலம் போடாதீர்கள்.

ஸ்க்ரூ இறுகிவிட்டது, அசையவே இல்லை.

அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவில் உப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரிக்கும். அந்த வெள்ளைப் பொடிதான் மரையை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு இரவு காத்திருங்கள். காலையில் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிஷம் வைத்துச் சூடேற்றி, ஆறியதும் மறுபடி எண்ணெய். பொருத்தமான ஸ்க்ரூடிரைவரை வைத்து அதன் பின்பக்கத்தில் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பி, அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள். பேக்கலைட், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பக்கத்தில் சூடு வேண்டாம். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு மரைக்கும் ஒரு துளி மரைன் கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தக் கஷ்டமே இருக்காது.

உப்பு, களிம்பு, துரு மூன்றையும் எப்படி எடுப்பது?

மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. பலர் எல்லாப் பாகங்களையும் ஒரே டப்பாவில் வினிகர் ஊற்றி ஊறப் போடுகிறார்கள். அது தவறு.

முதலில் பழைய கிரீஸை டிகிரீஸரிலோ டீசலிலோ கழுவுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் ஊற வைத்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். உப்பு வெந்நீரில் கரைந்துவிடும். தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண்.

பித்தளைக் கியரில் பச்சைக் களிம்பு இருந்தால் நம் வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதையே செய்யுங்கள்: புளி. உப்பு சேர்க்க வேண்டாம், புளிக்கரைசல் மட்டும் போதும். பளபளவென்று வந்ததும் நன்றாகக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிவிடுங்கள்.

இரும்புப் பாகத்துத் துருவுக்கு வினிகர் நல்லது. சில மணி நேரம் ஊறியதும் தேய்த்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறித்து, உடனே உலர்த்தி எண்ணெய் போட வேண்டும். இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் புதுத் துரு பூக்கும். ஸ்ப்ரிங்குகளை மட்டும் அமிலத்தில் ஊற வைக்காதீர்கள். கடினமாக்கிய எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும்.

அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்த இடத்தில் வினிகரை பிரஷால் தொட்டுத் தேய்த்து, சில நிமிஷத்தில் கழுவிவிடுங்கள். காஸ்டிக் சோடா கலந்த எந்தப் பொருளும் அலுமினியத்தின் பக்கமே வரக் கூடாது. அடுப்பு கிளீனர், சாக்கடை அடைப்பு எடுக்கும் பொடி இரண்டிலும் பெரும்பாலும் அது உண்டு, உடலையே கரைத்துவிடும்.

பழைய பெயிண்டை முழுக்க எடுத்தே ஆக வேண்டுமா?

இறுக்கமாக ஒட்டியிருக்கும் பெயிண்டை எடுக்க வேண்டாம். 600 எண் சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மினுமினுப்பைக் கொன்றுவிட்டால், அதுவே நல்ல அடித்தளம். கொப்பளித்த இடங்களில் மட்டும் உலோகம் தெரியும்வரை போங்கள். விளிம்பு கைக்குத் தட்டாத அளவுக்குச் சரிவாகத் தேயுங்கள்.

பாதிக்கு மேல் உரிந்திருந்தால் பெயிண்ட் ரிமூவர்தான் வசதி. வெட்டவெளியில், தடித்த கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பேக்கலைட், பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் கெட்டுப்போகும். 1950, 60-களின் ரீல் என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் எப்போதும் ஈரமாகவே தேயுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

பெயிண்டுக்கு அடியில் பூசும் ப்ரைமர் அவசியமா? ஹார்ட்வேர் கடையில் எதைக் கேட்பது?

வேலை நிற்பதும் விழுவதும் இங்கேதான். தேய்த்துச் சுத்தம் செய்த அலுமினியம் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. சாதாரண பெயிண்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. அதனால் நேராகப் பெயிண்ட் அடித்த ரீல் பார்க்க அழகாக இருக்கும், ஒரு படகு விளிம்பில் உரசியதும் தோல் மாதிரி உரியும்.

கேட்க வேண்டியது எட்ச் ப்ரைமர். அதில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். கார் பெயிண்ட் கடைகளில் ஸ்ப்ரே டின்னாகவே கிடைக்கும். இரும்புக் கதவுக்கு அடிக்கும் சிவப்பு ப்ரைமர் இதற்கு உதவாது. கிராஃபைட் அல்லது பிளாஸ்டிக் உடலாக இருந்தால் பிளாஸ்டிக் ப்ரைமர் வேண்டும்.

அரிப்புக் குழிகள் ஆழமாக இருந்தால் எபாக்சி புட்டியால் நிரப்பி, இறுகிய பிறகு தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு 400, 600 எண் தாள்கள், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு, அதன் பின் வெறும் விரல் படக் கூடாது. தேய்த்த அன்றே ப்ரைமர் அடித்துவிடுங்கள். மெல்லியதாக ஒரு பூச்சு போதும். உலோகம் லேசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

எந்தப் பெயிண்ட் நல்லது? பைலாக்ஸ் போதுமா?

அலமாரியில் வைக்க, எப்போதாவது குளத்துக்குக் கொண்டுபோக என்றால் பைலாக்ஸ் போன்ற அக்ரிலிக் ஸ்ப்ரே போதும். கடலுக்குப் போகிற ரீலுக்கு நான் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைத்தான் சொல்வேன். சாமுராய் மாதிரி பிராண்டுகளில் ப்ரைமர், நிறம், கிளியர் எல்லாம் ஒரே வரிசையில் கிடைக்கும். ஒரே வரிசையில் வாங்குவது முக்கியம். ஒரு வகைப் பெயிண்டின் மேல் பொருந்தாத இன்னொரு வகையை அடித்தால் கீழே இருப்பது சுருங்கி எழும்பிவிடும்.

மேல் பூச்சுக்கு 2கே கிளியர், அதாவது ஹார்ட்னர் கலந்து இறுக வைக்கும் நிறமில்லாத பூச்சு, மிக உறுதியானது. பெட்ரோல் தெறித்தாலும் தாங்கும். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்னும் ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. சரியான வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டரும் திறந்த வெளியும் இல்லாதவர்கள் அந்த ஒரு பூச்சை மட்டும் கார் பெயிண்ட் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பவுடர் கோட்டிங் பற்றியும் கேட்கிறார்கள். அது 180 டிகிரிக்கு மேல் சுடப்படுவது, தடிமனும் அதிகம். பெரிய ரீலின் வெளிக்கூட்டுக்குச் சரி. நுணுக்கமாகப் பொருந்த வேண்டிய பாகங்களுக்கு வேண்டாம்.

பினாங்கு ஈரக்காற்றில் எப்போது அடிப்பது?

மழை வரப்போகிற நாளில் அடித்தால் பளபளப்பு பால்போல் வெளுத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிவதுதான் காரணம். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இங்கே மழை அதிகம். அந்த நேரத்தில் சுத்தம் செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட வெயில்தான் பெயிண்டுக்கு உகந்தது. மற்ற மாதங்களில், முதல் நாள் மழை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்குப் பிறகு அடியுங்கள்.

டின்னைச் சில நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவிட்டு, ஒன்றிரண்டு நிமிஷம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரம். பாகத்துக்கு வெளியே ஆரம்பித்து, கடந்து போய் வெளியே முடியுங்கள். முதல் பூச்சு தூவல் மாதிரி இருக்கட்டும், உலோகம் மூடாவிட்டால் கவலைப்படாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிட எவ்வளவோ மேல். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் அடித்தால் பக்கத்து வீட்டுத் துணியில் படியும். ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் வைத்து அதற்குள் தொங்கவிட்டு, கீழே திறந்த இடத்தில் அடியுங்கள்.

தொட்டால் ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரம் விடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இன்னும் நன்றாக இறுகும். சமையல் ஓவனில் வைக்கவே கூடாது.

எங்கெல்லாம் பெயிண்ட் படக் கூடாது?

பேரிங் உட்காரும் குழி, எல்லா மரைகள், மெயின் கியர் தண்டு போகும் துளை, மூடியும் உடலும் சேரும் விளிம்பு. சில பூச்சுகள் சேர்ந்தாலே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் வந்துவிடும். அந்த அளவு போதும், மூடி சரியாக உட்காராமல் கியர் இறுகிக்கொள்ளும். துளைகளை ஃபோம் காதடைப்பானால் அடைக்கலாம், மரைகளில் பழைய ஸ்க்ரூவைத் திருகி வைக்கலாம், விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டலாம். கடைசிப் பூச்சு முழுக்க இறுகுவதற்கு முன்பே டேப்பை எடுத்துவிடுங்கள். லைன் படும் இடங்களான லைன் ரோலரிலும், லைன் சுற்றும் உருளையான ஸ்பூலின் உதட்டிலும் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். உரிந்த விளிம்பு லைனை அறுக்கும்.

நிறுவனப் பெயர், தங்க நிற எழுத்து எல்லாம் போய்விடுமே?

குழிந்த எழுத்தாக இருந்தால் கவலை இல்லை. உடல் நிறம் இறுகிய பிறகு, மெல்லிய பிரஷால் எழுத்துக்குள் எனாமலை நிரப்பி, மேலே வழிந்ததை விறைப்பான அட்டையால் வழித்து எடுங்கள். ஒட்டிய எழுத்தாக இருந்தால் சுத்தம் செய்வதற்கு முன்பே அளவோடு படம் எடுத்து, தண்ணீரில் நனைத்து ஒட்டும் வாட்டர் ஸ்லைடு டெக்கால் தாளில் அச்சடித்து, கிளியர் பூச்சுக்கு அடியில் ஒட்டலாம். விற்கும்போது புதுப்பித்தது என்று சொல்லியே விற்க வேண்டும். அசல் என்று விற்பது ஏமாற்று.

பேரிங், ட்ராக், கிரீஸ்: எதற்கு எது?

பேரிங்கின் உள்வட்டம், வெளிவட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்துகொண்டு சாதாரண பேரிங் கடைக்கே போகலாம். ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இஸட்இஸட் என்றால் உலோக மூடி.

கியருக்கு மரைன் கிரீஸ். வேகமாகச் சுற்றும் சின்ன பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி. பின்னால் சுற்றுவதைத் தடுக்கும் உருளை கிளட்ச் இருக்கும் ரீலில், அந்த கிளட்சுக்குள் கிரீஸ் போகக் கூடாது. வழுக்க ஆரம்பித்து, மீன் இழுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் அடிக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் இறுகியதை இளக்கவும் நல்லது, கியருக்கு அது போதாது.

ட்ராக் வாஷர் ஃபெல்ட்டா, தோலா, கார்பன் ஃபைபரா என்று பாருங்கள். இறுகிக் கறுத்த பழைய வாஷரைத் தேய்த்து உயிர்ப்பிக்க முயலாதீர்கள். பழைய காலத்து ட்ராக் வாஷர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை உண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் எடுத்துப் பையில் கட்டிப் போட்டுவிட்டு கார்பன் ஃபைபர் வாங்கிப் போடுங்கள். ரீலில் நீங்கள் செலவு செய்யும் பணத்தில் மிகுந்த பலன் தருவது இதுதான்.

புதுப்பித்த ரீலைக் கடலுக்குக் கொண்டுபோகலாமா? திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

தாராளமாகக் கொண்டுபோங்கள், சியாகாப், ஜெனாஹாக் மீன்களைப் பிடிக்கத்தானே செய்தது. வீட்டுக்கு வந்ததும் ட்ராக்கை இறுக்கிவிட்டு, மழைத்தூறல் மாதிரி மெல்லிய நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். தண்ணீரில் மூழ்க வைப்பதும் கூடாது. துடைத்து நிழலில் உலர்த்தி, ட்ராக்கைத் தளர்த்தி வையுங்கள். லைன் ரோலருக்கு ஒரு துளி எண்ணெய்.

பெயிண்ட் அடித்துச் சில மாதத்திலேயே சின்னச் சின்னக் கொப்புளம் வந்துவிட்டது. ஏன்?

அரிப்புக் குழிக்குள் உப்பு தங்கிவிட்டது. அது காற்றின் ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு அடியில் அலுமினியத்தை மறுபடி பூக்க வைக்கிறது. மேலே இன்னொரு பூச்சு அடிப்பதில் பயனில்லை. அந்த இடத்தை மட்டும் பளபளப்பான உலோகம் வரும்வரை சுரண்டி, வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, எட்ச் ப்ரைமரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மற்ற இடங்களைத் தொட வேண்டாம். கொப்புளம் ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் வந்திருந்தால் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவாமல் பூட்டியிருப்பீர்கள்.